கைகாட்டி

அந்தத் தெருவில் யாரும் ஒரு பேச்சை ஒரே மூச்சில் பேசி முடித்ததில்லை. விமானம் இறங்கும் பாதை தலைக்கு நேர் மேலே போகிறது. சண்டையென்றாலும் சரி, கொஞ்சலென்றாலும் சரி, பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரைச்சல் கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் கத்திப் பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் பழகிவிடும்.

தெருவுக்கே சோறு போட்டது விமான நிலையம்தான். முனை வீட்டில் பணிப்பெண்களின் சீருடைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்துத் தேய்த்து அனுப்புவார்கள். எதிர் வீட்டுக்காரர் பயணப் பெட்டிகளுக்குச் சக்கரம் மாற்றித் தருகிறவர். அதற்கு அடுத்த வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் அம்மாவோடு ஒன்றாக இருந்தார்கள்; அங்கே மூன்று பேருக்கு விமானத்தால்தான் பிழைப்பு. அண்ணன்காரரின் மனைவி, வீட்டுக்குப் பெரிய மருமகள், விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டைத் தட்டுகளில் அடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். தலைக்கு வலையும் கைக்கு உறையும் மாட்டிக்கொண்டு, குளிரூட்டிய அறையில் நாள் முழுக்க நின்று, பாவம், அவளுக்குக் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

தம்பிக்கு விமானத்துக்குக் கைகாட்டும் வேலை. இறங்கி ஊர்ந்து வருகிற விமானத்துக்கு எதிரே நின்று, இரண்டு கையிலும் சிவப்பு விளக்குக் கோலைப் பிடித்து, வா வா என்று அழைத்து, கோட்டுக்கு வந்ததும் நில் என்று நிறுத்த வேண்டும். வெயிலோ மழையோ, அத்தனை பெரிய இயந்திரம் அவன் கையைப் பார்த்துத்தான் நகரும். தெருவில் அவன் பெயரே கைகாட்டி என்றாகிவிட்டது. அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள், வீட்டுக்குச் சின்னவள், முதலில் அந்தப் பெயரைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளே அப்படித்தான் சொன்னாள்.

மூன்றாவது ஆள் அண்ணன்காரர். அவர் விமான நிலையம் கட்டுகிறவர். இப்படிச் சொன்னால் ஆளைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். இடுப்பு வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு, மாடி அறையில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பார். கட்டுவதெல்லாம் கணினிக்குள்ளே. உலகத்தில் சில பேருக்கு ஒரு கிறுக்கு உண்டு. வீட்டுக்குள் நாற்காலி போட்டு, திரைக்கு முன்னால் கைப்பிடியும் மிதியும் வைத்துக்கொண்டு, நிஜ விமானியைப் போல மணிக்கணக்கில் விமானம் ஓட்டுவார்கள். விளையாட்டு என்று சொல்லிவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். அதோடு வருகிற விமான நிலையங்கள் பெட்டி பெட்டியாக மொட்டையாக இருக்கும். ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு விளக்கும் அசலைப் போல இருக்க வேண்டுமென்றால், அந்த நிலையத்தைத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்து விற்கிறவர் இவர். இத்தனைக்கும் மனுஷன் இன்றுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை.

தம்பிக்கு இதைவிட வேறு வேடிக்கை வேண்டாம். "எங்கண்ணன் கட்டின ஏர்போர்ட்ல எல்லாம் இருக்கும், கக்கூஸ் கதவு மட்டும் திறக்காது. அவசரம்னா ஆகாசத்துலயே முடிச்சிட்டுத்தான் வரணும்" என்று சாப்பிடும்போது சொல்வான். அம்மாவுக்குப் புரையேறிவிடும். அண்ணன்காரர் உர்ரென்று இருப்பது போல இருந்துவிட்டு, கடைசியில் அவரும் சிரித்துவிடுவார்.

எங்கெங்கோ இருக்கிற நிலையங்களையெல்லாம் கட்டிவிட்டுக் கடைசியாகத்தான் தம்பி வேலை பார்க்கும் நிலையத்தை எடுத்தார். விமானங்கள் நிற்கும் தளத்துக்குள் வேலையாட்கள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்து போனவர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். மிச்சமெல்லாம் தம்பியின் வாய்வார்த்தைதான். சோறும் முட்டைப் பொரியலும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அவன் சொல்லச் சொல்ல இவர் கேட்பார். ஏழாம் நிறுத்தத்தில் எருமை படுத்த மாதிரி ஓர் எண்ணெய்க் கறை. மூன்றாம் விளக்குக் கம்பத்தில் வண்டி இடித்த பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், எந்தப் பக்கம் தேங்கும். மறுநாள் மாடியில் கறையும் பள்ளமும் அதனதன் இடத்துக்கு வந்துவிடும். தம்பி பார்த்துவிட்டு, கறை இன்னும் கொஞ்சம் தள்ளி என்பான்.

விமானம் வந்து நிற்கும் இடத்தில் கைகாட்டுகிற ஆள் ஒருவனும் வேண்டுமே. மற்ற நிலையங்களில் பொதுவாகக் கிடைக்கிற பொம்மையை நிறுத்திவிடுவார். இதில் தம்பியே நிற்கட்டும் என்று தோன்றியது. ஒரு நாள் கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, உடம்பின் அசைவைப் பதிவு செய்கிற கேமராவை எதிரே வைத்தார். விளக்குக் கோலுக்குப் பதில் அடுக்களையிலிருந்து இரண்டு நீளக் கரண்டிகள். பெரியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னவள் அன்று அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள்.

வந்ததும் அவளுக்குப் பார்க்க ஆசை. கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷன் வேலை செய்வதை அவள் கண்ணால் பார்த்ததில்லை. குடும்பத்து ஆட்களை அந்தத் தளத்துக்குள் விடுவதில்லை. வேலிக்கு வெளியே நின்றால் வால் நுனிகள்தான் தெரியும். "அண்ணன் முடிக்கட்டும், அதுல என்னை வேலையில பாரு" என்று அவன் சொல்லி வைத்திருந்தான். அண்ணன்காரருக்கோ அரைகுறையாக எதையும் காட்டப் பிடிக்காது. விளக்கு சரியாக எரியட்டும், நிழல் சரியாக விழட்டும், அப்புறம் முழுதாகக் காட்டுகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனார்.

அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. வேலை முடிந்து வருகிற வழியில், விமான நிலையச் சாலையின் வளைவில், கைகாட்டியின் வண்டி சறுக்கியது. பின்னால் வந்த லாரிக்காரர் மீது தப்பில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கோபப்படவாவது ஓர் ஆள் இருந்திருக்கலாம் என்று அம்மா அழுதாள்.

அதன்பிறகு அந்த வீடு வீடாக இல்லை. பெரியவள் சமைத்து வைத்தாள். அவரவர் பசிக்கு அவரவர் எடுத்துத் தின்றார்கள். தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை, பேச்சு இருந்தால்தானே. அண்ணன்காரர் மாடிக்கு ஏறுவதை விட்டார். முடியும் தறுவாயில் இருந்த நிலையத்தை எப்போது வெளியிடுவீர்கள் என்று எங்கெங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பதில் போடவில்லை.

சின்னவள் அழுது யாரும் பார்க்கவில்லை. துணி மடித்தாள், பாத்திரம் துலக்கினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவளுடைய அப்பா வேன் ஓட்டுகிறவர், நல்ல மனுஷர். பெண்ணை இந்த நிலையில் விட்டு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. குழந்தையும் இல்லை, இங்கே இருந்து அவள் என்ன செய்வாள், வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். யாரும் மறுக்கவில்லை. மறுக்கிற உரிமை தனக்கு உண்டா என்று அண்ணன்காரருக்குத் தெரியவில்லை. அவளும் சரி என்றுதான் சொன்னாள்.

கிளம்புகிற நாளன்று காலையில் அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, அண்ணன்காரர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அப்பா மத்தியானம்தான் வருவார்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"போட்டோல எல்லாம் அவர் எல்லாரையும் போல நின்னு சிரிக்கிறார். எப்படி நடப்பார், எப்படித் திரும்புவார்னு நினைச்சுப் பாத்தா சரியா வர மாட்டேங்குது. கொஞ்ச நாள்லயே இப்படின்னா, அங்க போனப்புறம் சுத்தமா மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு. நீங்க செஞ்சு வச்சிருக்கீங்களே, அதை ஒரு தடவை காட்டுங்க. பாத்துட்டுப் போயிடுறேன்."

 அதைக் காட்டினால் இவள் உடைந்துபோவாளே என்று அண்ணன்காரருக்கு ஒரு பயம். காட்டாமல் அனுப்பினால் தான் மனுஷனா என்று இன்னொரு பக்கம். பெரியவளைப் பார்த்தார். கூட்டிப் போங்க என்று அவள் தலையை ஆட்டினாள். மூன்று பேரும் மாடிக்கு ஏறினார்கள். கணினி மேல் தூசி படிந்திருந்தது. பெரியவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

நிலையம் திரையில் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படியே இருந்தது. ஓடுதளத்தில் டயர் தேய்ந்த கருமை, ஏழாம் நிறுத்தத்து எண்ணெய்க் கறை, கம்பத்துப் பள்ளம் எல்லாம் அதனதன் இடத்தில். சின்னவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் சாப்பிடும்போது சொன்னவைதானே, அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அண்ணன்காரர் விமானத்தை மெதுவாக ஊர்ந்து போகவிட்டார். நிறுத்தத்தை நெருங்கியதும், மஞ்சள் மேலங்கி போட்ட ஓர் உருவம் எதிரே வந்து நின்று, இரண்டு கோல்களையும் உயர்த்தி வா வா என்று அழைத்தது. கைகள் இரண்டும் ஒரே அளவில் ஏறின, ஒரே அளவில் மடங்கின.

அண்ணன்காரருக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தார். சின்னவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"யாரு அத்தான் இது?"

"தம்பிதாம்மா."

"இல்ல. இது அவர் இல்ல."

இவள் துக்கத்தில் குழம்பிவிட்டாள் என்று நினைத்தார். முகம் அச்சாக இருக்காது, பொம்மை முகம்தான், ஆனால் அசைவெல்லாம் அவனுடையது, கூடத்தில் நிற்கவைத்து எடுத்தது என்று விளக்கினார்.

"முகத்தைச் சொல்லல அத்தான். இடது கை. அவருக்கு அது காதுக்கு மேல ஏறாது."

வீட்டுக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். இரைச்சல் ஓய்ந்த பிறகு அவள் சொன்னாள். கையைத் தூக்கித் தூக்கியே தோள்பட்டை தேய்ந்துபோயிருந்தது. மேலதிகாரிக்குத் தெரிந்தால் தளத்திலிருந்து எடுத்து மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்று மறைத்தான். தினமும் படுக்கும் முன்னால் இவள்தான் தைலம் தேய்த்துவிடுவாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னார். நீங்க அத்தைகிட்ட வாய் தவறி உளறிடுவீங்களாம்."

அண்ணன்காரர் கைப்பிடியை விட்டுவிட்டார். அவருக்கு அந்த நாள் முழுவதும் ஞாபகம் வந்துவிட்டது. பதிவு செய்ததைத் திரையில் போட்டுப் பார்த்தபோது இடது கை பாதியில் நின்று நின்று இறங்கியது. கேமரா அந்தக் கையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தார். அந்த மலிவு கேமராவுக்கு அப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அதற்கு ஒரே வைத்தியம்தான் செய்வார்கள்: நன்றாகப் பதிவான கையை எடுத்து மற்றக் கைக்கும் ஒட்டிவிடுவது. அவரும் வலது கையை எடுத்து இடது கைக்கு ஒட்டினார். இடம் அடைக்கிறதே என்று, பழைய பதிவின் மேலேயே புதியதைச் சேமித்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி, ஆமாண்ணா, கேமராதான் சரியில்ல என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவர் அப்போது சிரிப்பென்றே எடுத்துக்கொண்டார்.

"நான்தாம்மா அழிச்சேன்," என்றார். "கோணலா இருக்குன்னு நானே நிமித்திட்டேன்."

எங்காவது பிரதி ஒன்று தங்கியிருக்குமா என்று பழைய வட்டுகளையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேடினார். இருக்காது என்று தெரிந்தேதான் தேடினார். கண்ணாடி நனைந்து எழுத்துத் தெரியவில்லை. கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தேடினார். எண்ணெய்க் கறையைக்கூட விடாமல் வைத்தவர், கூடப் பிறந்தவனுடைய கையைத் தவறவிட்டிருந்தார். பெரியவள் வந்து அவர் தோளைத் தொட்டு, போதும் விடுங்க என்றாள்.

சின்னவள் கீழே போய்விட்டாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலிலேயே உட்காரப் போகிறாள் என்று அண்ணன்காரர் நினைத்தார். அவர் மேல் அவளுக்குக் கோபம் இருந்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கையில் இரண்டு கரண்டிகளோடு அவள் படியேறி வந்தாள்.

"கேமரா இருக்கா அத்தான்?"

"இருக்கு. எதுக்கு?"

"எனக்குத் தெரியும். நான் செஞ்சு காட்டுறேன், எடுத்துக்கங்க."

அண்ணன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். வேலையிலிருந்து வந்ததும் அவன் அறையில் நின்றுகொண்டு, டீ எடுத்து வருகிறவளைக் கைகாட்டி அழைப்பானாம். அவள் டம்ளரைப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து நேராக வர வேண்டும். கொஞ்சம் விலகினால் அந்தப் பக்கக் கையை ஆட்டித் திருப்புவான். கட்டில் ஓரத்துக்கு வந்ததும் இரண்டு கையையும் குறுக்காக வைத்து நிறுத்துவான். தினமும் நடந்த கூத்து அது. சொல்லும்போது அவளுக்கு வெட்கம் வந்தது, அத்தனை துக்கத்திலும்.

"நான்தான் அத்தான் பிளேனு," என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

பெரியவள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். சத்தம் கேட்டு அம்மா படிக்கட்டு வரைக்கும் வந்து, என்னடி என்னடி என்று கேட்டாள். சின்னவள் நெடுநேரம் அழுதாள். அவள் அழுது முடிக்கட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேமராவுக்கு எதிரே நின்றாள். காலைச் சற்று அகட்டி, கரண்டிகளை உயர்த்தினாள்.  தோளைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம், வலிக்கிற பக்கமாகத் தலை லேசாகச் சாய்வது, ஒரு கை மேலே போக இன்னொரு கை காதருகே நின்று தவித்து இறங்குவது. புடவை கட்டிய பெண்ணின் உடம்பில் தம்பி வந்து நின்றான். ஆனால் அண்ணன்காரருக்கு ஒன்று மட்டும் இடித்தது.

"நீ வலது கையைத் தாழ்த்துறியேம்மா. அவனுக்கு இடதுன்னு சொன்னே."

அவள் தன் கையைப் பார்த்தாள். மாற்றிச் செய்து பார்த்தாள்; வரவில்லை, பொம்மை போல ஆகிவிட்டது. எதிரில் நின்று பார்த்ததுதானே அத்தான், எனக்கு இந்தப் பக்கம்தான் தெரியும் என்றாள்.

"அப்படியே செய். நான் பாத்துக்கறேன்."

பதிவை எடுத்து, அவர் இடம் வலமாகத் திருப்பிப் போட்டார். கணினியில் அது ஒரு தட்டுத்தான். உருவத்தில் பொருத்தி முடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது. கீழே வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. அம்மா சின்னவளின் அப்பாவை உட்காரவைத்து, அவருக்குச் சோறு போட்டாள். பிள்ளை மாடியில் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டதற்கு, அவ புருஷனைப் பாக்கிறா, வந்துடுவா என்றாளாம் அம்மா. அந்த மனுஷர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

இந்தத் தடவை அண்ணன்காரர் எழுந்துகொண்டு அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். எதை அழுத்தினால் நகரும், எதை அழுத்தினால் நிற்கும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். நேராகப் போகும்படி மற்றதையெல்லாம் அவரே சரிசெய்து வைத்திருந்தார். விமானம் ஊர்ந்தது. மஞ்சள் மேலங்கிக்காரன் எதிரே வந்து நின்றான். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, கோல்களை உயர்த்தி அழைத்தான். இடது கை காதருகே வந்து நின்று, இறங்கி, மறுபடி முயன்றது.

சின்னவள் திரையை நோக்கிக் குனிந்தாள். பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அழைக்க அழைக்க விமானம் கிட்டே போனது.

"கோட்டுக்கு வந்தா என்ன ஆகும் அத்தான்?"

"நிறுத்துவான். நிறுத்திட்டு ஓரமாப் போயிடுவான். அவன் வேலை அவ்வளவுதான்."

"வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் கூப்பிட்டுட்டே இருப்பான்."

அவள் நிறுத்தும் விசையை அழுத்திப் பிடித்தாள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் விமானம் நின்றது. அவன் அழைத்துக்கொண்டே இருந்தான். கீழேயிருந்து அவளுடைய அப்பா ஒரு முறை குரல் கொடுத்தார்.  பெரியவள் மெல்ல விலகிப் போய் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். அவள் திரும்பி வந்தபோதும் சின்னவள் அப்படியேதான் இருந்தாள், அவன் அழைத்துக்கொண்டுதான் இருந்தான். இவள் இனி எழுந்திருக்கவே மாட்டாளோ, தான் இன்னொரு தப்பும் செய்துவிட்டோமோ என்று அண்ணன்காரர் பயந்தார். கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் ஒரு விமானம் வீட்டை அதிரவைத்துக்கொண்டு கடந்தது.

அது போனதும் அவள் பேசினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரமாத் தூக்கிட்டே நிக்கிறார் பாருங்க. கை வலிக்கும் அவருக்கு."

விசையை விடுவித்தாள். விமானம் மெதுவாகக் கோட்டைத் தொட்டது. அவன் இரண்டு கோல்களையும் தலைக்கு மேலே கொண்டுபோய்க் குறுக்காக வைத்தான். இடது கோல் தாழ்ந்துதான் நின்றது. பிறகு கைகளைத் தொங்கவிட்டு, திரும்பி, விளக்குக் கம்பத்தைத் தாண்டி நடந்து போனான். அவன் போய் மறையும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.